பார்த்தேன் என்று ஒரு கையெழுத்து

பஸ் டிரைவர் பிழைத்துவிட்டார். போன வாரக் கதையை அவருடைய மூச்சுத் திணறலோடு நிறுத்திவிட்டதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வலது பக்க நெஞ்சில் நீர் கட்டியிருந்த மனிதருக்கு இடது பக்கம் ஊசியை இறக்கியவன் புலி. வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். ஆஸ்பத்திரியில் அவன் மூன்றாம் ஆண்டுப் பயிற்சி டாக்டர். ஊசி குத்தி, நன்றாக இருந்த நுரையீரலும் சுருங்கத் தொடங்கியபோது ஓடி வந்து குழாய் போட்டுக் காப்பாற்றியது அவனுடைய அத்தை. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா. அவளுடைய கணவர்தான் புலியின் தாய்மாமன். பேராசிரியர், அந்தத் துறைக்கே தலைவர்.

கீழ்வீட்டில் இவர்கள் இருவரும். மாடியில் பேராசிரியரின் தங்கையும் அவள் மகன் புலியும். தனித்தனி வாசல்தான், ஆனாலும் இத்தனை வருஷமாக அதை இரண்டு வீடு என்று யாரும் நினைத்ததில்லை.

இன்றைக்குப் பயிற்சி டாக்டர்களுக்குக் கடைசித் தேர்வு. உட்கார்ந்து எழுதும் தேர்வு அல்ல. நிஜக் கட்டில், நிஜ நோயாளி. தேர்வாளர் பக்கத்தில் நின்று, பையனின் கை எங்கே போகிறது, காது எதைக் கேட்கிறது, வாய் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். தேறிவிட்டால் இனித் தனியாக வைத்தியம் பார்க்கலாம். அப்புறம் யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

ஒரு வாரமாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்த கேள்வியை டாக்டரம்மா காலையில் புறப்படுகிற நேரத்தில் கேட்டுவிட்டாள்.

"புலி நெஞ்சுல நீர் எடுக்கறதை நேர்ல பார்த்தேன், சரியாப் பண்றான்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. பார்த்தீங்களா?"

பேராசிரியர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "காலங்கார்த்தால ஆரம்பிச்சிட்டியா?"

"பார்த்தீங்களா, இல்லையா?"

"அவன் எத்தனையோ தடவை பண்ணியிருக்கான்."

"அவன் பண்ணினானான்னு கேக்கலை. நீங்க பார்த்தீங்களான்னு கேட்டேன்."

அவர் பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பினார். "வெளிநோயாளிங்க வரிசையைப் போய்ப் பாரு. கேட்டைத் தாண்டி ரோட்டுல நிக்குது. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்தன் முதுகுக்குப் பின்னாடியும் நான் நின்னா, அவங்களை யார் பார்க்கறது? கையெழுத்து போடலைன்னா ஒருத்தனும் அடுத்த வருஷத்துக்குப் போக மாட்டான், வார்டுல வேலை செய்ய ஆள் இருக்காது. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் போடறாங்க. நான் ஒருத்தன் மட்டும் அரிச்சந்திரனா இருக்கணுமா?"

"அரிச்சந்திரனா இருக்கச் சொல்லலை. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுத வேண்டாம்னுதான் சொல்றேன். அதுவும் சொந்தத் தங்கை பையனுக்கு."

"மெதுவாப் பேசு. மேலே கேக்கும்."

"கேக்கட்டும். நேத்து அந்த டிரைவரோட சம்சாரம் என்கிட்ட வந்தாங்க. பையனைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. 'தெரியாத பையன் கையில ஊசியைக் கொடுத்து அனுப்பினது யாரும்மா'ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்ல வாய் வரலை. வீட்டுக்கு வந்து அந்தப் பதிலோட ஒரே மேசையில உக்கார்ந்து சாப்பிட்டேன்."

பேராசிரியரின் முகம் இறுகியது. "இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. அவன் தேறி வெளியே வரட்டும். அப்புறம் என்னை எப்படி வேணா திட்டிக்கோ."

"தேறுவான்னு எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் வேறு வண்டி பிடித்துப் போனாள்.

இந்த வருஷத் தேர்வை நடத்தும் பொறுப்பு டாக்டரம்மாவுடையது. புலியை மட்டும் அவள் சோதிக்கக் கூடாது. உறவுக்காரர் கட்டில் பக்கமே போகக் கூடாது என்பது விதி. அதனால் வார்டுக்குப் போகும் மாடிப்படியில் அவன் வழி மறித்து நின்றபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

"அத்தை, ஒரு நிமிஷம்."

"தேர்வு முடியற வரைக்கும் நீ என்கிட்ட பேசக் கூடாது. நகரு."

"பேசாம இருக்கணும்னா நீங்களும் மாமா மாதிரிதான்."

அவள் நின்றாள்.

"மூணாவது கட்டில்" என்றான் புலி. "இதய வால்வுல கோளாறு. மாமா நேத்தே சொல்லிட்டார். எங்கே காதை வைக்கணும், என்ன சத்தம் கேக்கும், தேர்வாளர் என்ன கேப்பார், நான் என்ன சொல்லணும், எல்லாம். கூட நிக்கப் போறதும் மாமாவோட பழைய மாணவர்தான்."

கோபம் வந்தால் டாக்டரம்மாவின் குரல் உயராது, தாழும். வார்டில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். இப்போது அது படிக்கட்டில் நிற்பவனுக்கே அரைகுறையாகத்தான் கேட்கும் அளவுக்குத் தாழ்ந்தது.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றே? மன்னிக்கணுமா?"

"உங்ககிட்ட எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? யார்கிட்ட கேக்கணுமோ அவர் உள்ளே குழாயோட படுத்திருக்கார்." ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். கண்ணில் தூக்கம் இல்லை, ஆத்திரம் இருந்தது. "மூணு வருஷம் அத்தை. நான் ஒரு நோயாளியைத் தொடறப்போ பக்கத்துல நின்னு பார்த்தவங்க ஒருத்தர் கிடையாது. நீங்களும்தான். 'புலி கெட்டிக்காரன், புலி பார்த்துக்குவான்.' ரவுண்ட்ஸ் வந்தா ரிப்போர்ட் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. நான் ரிப்போர்ட் நல்லாப் படிப்பேன். விரலால தட்டினா நீர் இருக்கற இடத்துல சத்தம் மாறும்னு பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன். எப்படி மாறும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. ஊசியைக் கையில எடுத்தப்போ கூடச் சொல்லலையே."

"சொல்லலை. மாமா பேரு கெட்டுடும்னு சொல்லலை. அது என் தப்பு. அதை யார் தலையிலயும் கட்டலை." அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஆனா இப்போ நான் அந்த மூணாவது கட்டிலுக்குப் போனா தேறிடுவேன். அடுத்த மாசம் எங்கேயோ ஒரு ஊர்ல தனியா உக்கார்ந்திருப்பேன். எனக்குக் கட்டிலை மாத்துங்க."

"மாத்தினா நீ தேற மாட்டே."

"அது தெரிஞ்சுதான் கேக்கறேன்."

அவனை அணைத்துக்கொள்ளவோ, தட்டிக்கொடுக்கவோ அவளுக்குத் தோன்றவில்லை. 'நீங்களும்தான்' என்று அவன் சொன்ன ஒரு சொல் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"போய் மத்தவங்களோட நில்லு" என்றாள்.

வெளியூர்த் தேர்வாளர் அதிகாலை ரயிலில் வந்து இறங்கியவர். குட்டையான பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். காபி கிடைக்காத கடுப்பில் இருந்தார். பேராசிரியரின் பழைய மாணவர் அவரிடம் குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா இரண்டு பேர் முன்னிலையிலும் சொன்னாள். "இந்த வரிசையில என் வீட்டுக்காரரோட தங்கை பையன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு எந்த நோயாளின்னு நேத்தே செய்தி போயிருக்கு. நான் அவன் பக்கம் வர முடியாது. நீங்களே வேற நோயாளியைப் பாருங்க, நீங்களே நில்லுங்க."

பழைய மாணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடத் தொடங்கினார்.

"செய்தி சொன்னது யாரு?" என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

"துறைத் தலைவர்."

"அவர் உங்களுக்கு..."

"ஆமா. அவரேதான்."

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டாக்டரம்மாவை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "ஒருத்தனுக்குப் போன செய்தி ஒருத்தனோட நின்னிருக்காது. எல்லாருக்குமே கட்டிலை மாத்திடலாம்."

புலிக்கு வாய்த்தது, துணிக்கடையில் கல்லாவில் உட்காரும் ஒரு பெண்மணி. வயிறு உப்பியிருந்தது, கால் வீங்கியிருந்தது, காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து தொட்டுப் பார்த்ததில் பொறுமையும் வற்றியிருந்தது.

அவன் கை கழுவினான். அனுமதி கேட்டான். எப்போதிலிருந்து வீக்கம், பசி எப்படி, தூக்கம் எப்படி என்று நிதானமாக விசாரித்தான். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வயிற்றில் இடது கையை வைத்து வலது கையால் தட்டினான். உள்ளங்கை முழுவதும் அழுத்தி, மேலே விரல்கள் எல்லாவற்றையும் சேர்த்து, டொக் டொக் என்று.

"தம்பி, உள்ளே ஆள் இருக்கேன். கொஞ்சம் மெதுவாத் தட்டு" என்றாள் அந்தப் பெண்.

யாரும் சிரிக்கவில்லை.

"வயித்துல நீர் இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் வெளியூர்த் தேர்வாளர்.

"ஸ்கேன்ல..."

"ஸ்கேன் கிடையாது. கரண்ட் இல்லாத ஊர்ல இருக்கீங்கன்னு வெச்சுக்கங்க. உங்க விரல் என்ன சொல்லுது?"

பழைய மாணவர் தொண்டையைச் செருமினார். "தொப்புள்லேர்ந்து அப்படியே ஓரமா வந்தீங்கன்னா..."

"டாக்டர், தேர்வு உங்களுக்கு இல்லை" என்றார் அந்த அம்மாள், திரும்பிப் பார்க்காமலே.

புலி மறுபடி தட்டினான். நடுவில் தட்டினான், ஓரத்தில் தட்டினான். வியர்வை மூக்கு நுனியில் திரண்டது. எல்லா இடமும் அவன் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்டது. கையை எடுத்துவிட்டான்.

"எனக்குத் தெரியலை, மேடம்."

"இதை உங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?"

"படிச்சேன். வீடியோ பார்த்தேன்."

"நீங்க பண்றதை யாரு பார்த்தாங்க?"

"யாரும் பார்க்கலை."

"உங்க பயிற்சிக் குறிப்புல பார்த்ததாக் கையெழுத்து இருக்கே."

"கையெழுத்து இருக்கு, மேடம்."

கட்டிலில் கிடந்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுக்கிட்டிருக்கீங்க. எனக்கு என்னன்னு சொல்ல இங்கே யாருக்காவது தெரியுமா?"

அந்தக் கேள்விக்குப் புலிதான் தலை குனிந்தான்.

மதியம் தேர்வு முடிந்தது. வெளியூர்த் தேர்வாளர் டாக்டரம்மாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"உங்க பையன் தேறலை. அவனாவது தெரியலைன்னு சொன்னான். உங்க துறையில பாதிப் பேருக்கு நெஞ்சைத் தட்டத் தெரியலை, வயித்தைத் தட்டத் தெரியலை. தெரிஞ்ச மாதிரி அவ்வளவு அழகா நடிக்கறாங்க. எல்லாருக்கும் 'நேரில் பார்த்தேன்'னு ஒரே ஆள் கையெழுத்து. நாங்க இங்கே பரிசோதிச்சது டாக்டர்களையா, நாடகக்காரங்களையா?"

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினாள். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"நாளைக்கு உங்க கல்லூரிக் கூட்டம் இருக்கு. அங்கே நீங்க சொல்றீங்களா, நான் எழுதி அனுப்பவா?"

"நான் சொல்றேன்."

"உங்க வீட்டுக்காரரோட பதவி போயிடும். தெரியும்ல?"

"நான் சொல்றேன்னு சொன்னேனே" என்றாள் டாக்டரம்மா. அந்த அம்மாள் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"வாங்க அண்ணி. சொந்த வீட்டுப் பிள்ளையைக் கவுத்த டாக்டர்னு வாசல்ல ஒரு போர்டு மாட்டிடலாமா?"

டாக்டரம்மா கைப்பையை மேசையில் வைத்தாள்.

"மூணு வருஷம் ராத்திரி பகல் பார்க்காம உழைச்ச பிள்ளை. அவனுக்குன்னு ஒரு கட்டில் ஒதுக்கியிருந்ததை நீங்கதான் மாத்தினீங்களாமே. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. உங்களுக்கு ஒரு நரம்பு கூட ஆடலையா?"

"ஆடுச்சு. அதனாலதான் அவன் இன்னொருத்தரைக் குத்தறதுக்கு முன்னாடி நிறுத்தினேன்."

"ஒரு வெளியூர்க்காரி முன்னாடி என் மானத்தை வாங்கிட்டு வந்து பேச்சைப் பாரு" என்றார் பேராசிரியர். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"காலையில கேட்டேன். சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க."

நாத்தனார் அழத் தயாராகிவிட்டாள். அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தவள்போல் சத்தத்தைக் கூட்டினாள். "ஒரே வீட்டு உப்பைத் தின்னுட்டு எப்படி அண்ணி மனசு வந்துச்சு?"

"அம்மா, கட்டிலை மாத்தச் சொன்னது நான்."

புலி மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றான். முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

"அதேதான்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. மாமா ஒரு தடவை கூட என் பக்கத்துல நின்னு பார்த்ததில்லை. இன்னைக்குத்தான் முதல் தடவையா ஒருத்தங்க பார்த்தாங்க. பார்த்தவுடனே கண்டுபிடிச்சிட்டாங்க."

நாத்தனார் மகனைப் பார்த்தாள். பிறகு மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, போன மாசம் என்கிட்ட என்ன சொன்னே? பக்கத்துல நின்னு பார்த்தேன், இவன் கை மாதிரி சுத்தமான கை இல்லைன்னு சொன்னியே. நான் அக்கம்பக்கமெல்லாம் அதைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"உன் மனசு நிறையட்டும்னுதாம்மா..."

"என் மனசு நிறையறதுக்கா அந்த டிரைவர் நெஞ்சுல ஓட்டை விழுந்துச்சு?"

தங்கை பேராசிரியரை அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. எத்தனையோ மாணவர்களை ஒரு பார்வையில் உட்கார வைத்தவர், இப்போது தரையைப் பார்த்தார்.

"படிக்கட்டும்னு உன் கையில பிடிச்சுக் கொடுத்தேன். நீ என்னடான்னா பாஸ் பண்ணி விட்டுட்டே" என்றாள் நாத்தனார். மகனைக் கையைப் பிடித்து மாடிப்பக்கம் இழுத்தாள். இரண்டு படி ஏறியவள் திரும்பினாள். "உங்களையும் நான் மன்னிக்கலை அண்ணி. நீங்களும் அதே வார்டுலதான் இருந்தீங்க."

"ஆமா" என்றாள் டாக்டரம்மா.

மேலே கதவு அறைந்து சாத்தப்பட்டது.

இருவரும் தனியே இருந்தார்கள். பேராசிரியர் கேட்டார்.

"நாளைக்குக் கூட்டத்துல சொல்லப் போறியா?"

"ஆமா. புலிக்குப் போட்டது மட்டும் இல்லை, எல்லாருக்கும் போட்டது. நான் கவனிக்காம விட்டதையும் சேர்த்து."

"ஏற்கெனவே தேறிப் போனவங்க?"

"அவங்களையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கணும்."

அவர் சிரித்தார். கசந்த சிரிப்பு. "அப்படின்னா முதல்லேர்ந்து ஆரம்பி. நீ பயிற்சியில இருந்தப்போ நான் உன் சீனியர். உனக்கும் நான்தான் கையெழுத்து போட்டேன். என் கையெழுத்து பொய்ன்னா நீயும் பொய்தான். கூட்டத்துல அதையும் சொல்லு."

எதையாவது எடுத்து வீசிவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமாவே மறந்துட்டீங்களா?"

அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"பெண்கள் வார்டு. மழை பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு அம்மாவுக்கு நான் ஸ்டெதாஸ்கோப்பை வெச்சு நெஞ்சைக் கேட்டேன். நீங்க கட்டில் பக்கத்துல நின்னீங்க. கையைக் கட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். முடிஞ்சதும் என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணினேன்?"

"என்னை பெயில் பண்ணீங்க."

பேராசிரியர் நிமிர்ந்தார்.

"'நீ கேக்கலை, கேட்ட மாதிரி தலையை ஆட்டறே'ன்னீங்க. அந்த அம்மா முன்னாடியே சொன்னீங்க. நான் குளியலறையில போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். உங்களைத் திட்டாத திட்டு இல்லை. அப்புறம் அந்த வார்டுல ஒரு நெஞ்சு விடாம உக்கார்ந்து கேட்டேன். மறுபடியும் வந்து நின்னீங்க. அப்புறம்தான் கையெழுத்து போட்டீங்க. என்னோடது பொய் இல்லை."

அவள் குரல் இப்போது தாழவில்லை. நடுங்கியது.

"என்னை பெயில் பண்ணின அந்த ஆளைத்தான் நான் ஆசைப்பட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அவர் எப்போ இந்த வீட்டை விட்டுப் போனாருன்னு எனக்குத் தெரியலை. பக்கத்துலயே இருந்தும் பார்க்காம விட்டுட்டேன்."

வாசலில் ஏதோ வண்டி கடந்து போயிற்று. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கூட்டத்துல நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடி நீங்களே எழுந்து சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

அவள் உள்ளே போனாள்.

மேசையில் பேராசிரியரின் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுத்தார். பழைய மாணவர்.

"சார், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க. கூட்டத்துக்கு வர்ற முக்கியமானவங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன். மேடம் என்ன சொன்னாலும் எடுபடாது. 'நான் பார்த்தேன்'னு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லிடுவீங்கல்ல சார்?"

பேராசிரியர் தலையைத் திருப்பினார்.

அவள் போய்விடவில்லை. உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"